தரை அசையாது என்று எழுதியிருந்தேன்

மூன்றாம் எண் காகித இயந்திரத்தின்
ஈரக்காற்றை வெளியே தள்ளும் விசிறிக்கு
அக்டோபரிலிருந்து உடம்பு சரியில்லை.
பேரிங் மாற்றினார்கள். மறுபடியும் மாற்றினார்கள்.
"புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்தும் நொண்டுகிறது"
என்று எழுதினான் ஓஸ்மோ,
கேமி ஆலையின் இரவுப் பணி மேலாளன்.
கூடவே ஓர் அதிர்வுப் பதிவு, பதினோரு நிமிடம்.

நூறு கிலோமீட்டர் தெற்கே, ஊலுவில்,
பகல் மூன்று மணிக்கே இருட்டிவிடும் ஓர் அறையில்
அந்த விசிறியை நான் இன்னொரு முறை செய்தேன்:
இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் நான்முகிகள்,
ஒன்றின் முனையை ஒன்று பிடித்தபடி.
எஃகின் அடர்த்தி கொடுத்தேன், விறைப்பு கொடுத்தேன்,
நிமிடத்துக்குத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு சுற்று கொடுத்தேன்.
கடைசியாகக் கால்கள்.
நான்கையும் தேர்ந்தெடுத்து
ஒரே சொடுக்கில் சொன்னேன்: அசையாது.
ஏன் என்று கணினி கேட்கவில்லை.

பிறகு காயப்படுத்தத் தொடங்கினேன்.
உள்வளையத்தில் ஒரு கீறல்.
வெளிவளையத்தில் எள்ளளவு பள்ளம்.
தண்டை மயிரிழை வளைத்தேன்.
இறக்கை ஒன்றில் மட்டும் கூழ் அப்பினேன்.
தண்டின் கழுத்தில் விரிசல் விட்டு
அது சுற்றுக்குச் சுற்று திறந்து மூடுவதை
மீன் செவுளைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அறுபத்திரண்டு விதமாய் உடைத்தேன்.
அறுபத்திரண்டு முறையும் அது கத்தாமல் சுழன்று
வலியை ஒரு வரைபடமாக என்னிடம் நீட்டியது.
ஓஸ்மோவின் வரைபடத்தின் மேல்
ஒவ்வொன்றாய் வைத்துப் பார்த்தேன்.

ஏறக்குறையப் பொருந்தின.
ஏறக்குறைய என்பது இந்தத் தொழிலில்
பொய்யைவிட மோசமான சொல்.

ஓஸ்மோவின் பதிவில் ஒரு சிறு மேடு இருந்தது.
சுற்றுக்கு ஒன்றல்ல, இரண்டல்ல,
அரை.
இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வரும் ஏதோ ஒன்று.
என் அறுபத்திரண்டு நோயாளிகளில்
ஒருவருக்கும் அந்த இருமல் இல்லை.

வியாழன் இரவு. பனி வாரும் வண்டி
தெருவைச் சுரண்டிக்கொண்டு போனபோது
மேசையில் காபி நடுங்கியது.
மூன்றாவது மாடி. கான்கிரீட் கட்டடம்.
பாடப்புத்தகங்களில் தரை என்றால்
ஒரு கோடு, அதன்கீழ் வரிசையாய்ச் சாய்கோடுகள்.
இருபது வருடம் அந்தச் சாய்கோடுகளை வரைந்திருக்கிறேன்.
அவற்றுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று
பரீட்சையில் யாரும் கேட்டதில்லை.

தெற்குப் பக்கக் கால் ஒன்றை விடுவித்தேன்.
அடியில் ஓர் இடைவெளி, பத்தில் ஒரு மில்லிமீட்டர்.
தொட்டால் தாங்கு, தூக்கினால் விட்டுவிடு என்றேன்.
அதன்பின் கணக்கு லேசில் முடியவில்லை.
கணினியின் விசிறி விடியவிடிய இரைந்தது,
ஒரு விசிறி இன்னொன்றைப் பற்றிக்
கவலைப்படுவதுபோல.
ஐந்தரைக்குத் திரையில் வந்து நின்றது
அந்த அரை.
முதல் சுற்றில் எழும் கால்
அடுத்த சுற்றில்தான் இறங்குகிறது.

ஆலையில் ஐலி மண்டியிட்டு
கால்தகட்டின் விளிம்பில் நாலு சொட்டு எண்ணெய் விட்டாள்.
போனைக் கிட்டே பிடித்துக் காட்டினாள்.
எண்ணெயில் ஒரு குமிழி வந்தது, போனது, வந்தது.
போல்ட்டைச் சுற்றிச் சாந்து மாவாய்க் கிடந்தது,
எத்தனை குளிர்காலமாகவோ.
"இதற்கா நீ தூங்கவில்லை?"
இல்லை, நாலும் தரையில் நிற்கிறது என்று
நினைத்ததற்கு.
அதை அவளிடம் சொல்லவில்லை.
"எந்த சைஸ் போல்ட்?" என்று கேட்டேன்.

பழுதுப் படிவத்தில் காரணத்துக்கு ஒரு பட்டியல் உண்டு:
பேரிங், தண்டு, இறக்கை, மசகு, மனிதத் தவறு.
தரை இல்லை.
மனிதத் தவறின் மேல் அம்புக்குறி கொஞ்சநேரம் நின்றது.
'மற்றவை' என்பதைத் தேர்ந்தெடுத்தேன்.

வட்டில் இடமில்லை.
உடைந்த அறுபத்திரண்டையும் அழிக்கப் போனேன்.
நிச்சயமாகவா என்று
இப்போது கேட்கிறது கணினி.